இடித்தெய்வக் கொடியும் ஒரு சிட்டிகை திருநீறும்

கலா அக்கா,

நீங்கள் இதை வாசிக்கிற நேரம் நான் என்ர மகள் மிதுவைக் குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் நினைத்தேன். மூன்று தரம் உங்கட கட்டில் திரைச்சீலை வரைக்கும் வந்தேன். முதல் தரம் நீங்கள் கட்டிலில் கிடந்த உங்கட மகன் சாருஜனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இரண்டாம் தரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். மூன்றாம் தரம் நீங்கள் சும்மாதான் இருந்தீர்கள், என்னைப் பார்த்துச் சிரித்தும் விட்டீர்கள். "என்ன வதனி, தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்று கேட்டீர்கள். நானும் ஓம் என்று வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதுதான் கடிதம். மிது படம் கீறுகிற கொப்பியில் எழுதுகிறேன். தாளின் மற்றப் பக்கத்தில் யானை மாதிரி ஒன்று இருந்தால் அது யானை இல்லை, டொக்டர் வொல்ஷ்.

முதலில் உங்கட பையில் இருக்கிற பொட்டலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மண்ணிறக் காகிதம், சிவப்பு நூல். நேற்று நீங்கள் துவாய் எடுக்கும்போது அது கீழே விழுந்தது. நான்தான் எடுத்துத் தந்தேன். "அது ஒண்டுமில்லை வதனி. சேர்ச்சிலை ஒரு அன்ரி தந்தவ. சீனாக்காரரின்ரை வேராம், கான்சருக்கு நல்லதாம், பேப்பரிலையும் வந்ததாம்" என்றீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களாகத்தான் சொன்னீர்கள். கேட்க முதலே பதில் சொல்லுகிற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அப்படித்தான் திரிந்தேன்.

பிறகு நேர்ஸ் வந்தா. நாளைக்கு டொக்டர் வொல்ஷ் உங்களோடு விபரமாகக் கதைக்கப் போகிறா, தமிழுக்குப் போனில் ஒரு ஆளைப் பிடித்துத் தரட்டா என்று கேட்டா. நான் அதைத் தமிழில் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "போன் எதுக்கு? வதனி இருக்கிறாதானே. கொன்வென்ற் இங்கிலீஸ்." அப்படிச் சொல்லி என் கையையும் பிடித்தீர்கள்.

அந்தக் கொன்வென்ற் இங்கிலீஸ் இந்த வார்ட்டில் என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு, பிறகு பிடிப்பதென்றால் பிடியுங்கோ.

என்ர அவர் கேதீஸுக்கு ஒரு அக்கா இருக்கிறா. மலர். எனக்கு மச்சாள், மிதுவுக்கு மாமி. நீங்கள் காணவில்லை, காணவும் மாட்டீர்கள். அதற்கான காரணத்தைத்தான் சொல்ல வந்தேன். மலர் மச்சாள் பன்னிரண்டு வருஷமாக ஸ்காபரோவில் ஒரு சீனப் பேக்கரியில் வேலை. காலமை நாலு மணிக்குப் போய்ப் பணிஸ் மா குழைக்கிற வேலை. அவவோடு வேலை செய்கிறதுகள் எல்லாம் சீனாக்காரப் பெண்டுகள். அதனால் அவவுக்கு இங்கிலீஸ் வரவே இல்லை, கன்டனீஸ் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இது ஒரு பகிடி. "கனடாவுக்கு வந்து சீனம் படிச்ச ஒரே யாழ்ப்பாணத்துப் பொம்பிளை" என்று கேதீஸ் சொல்லுவார். நானும் சிரிப்பேன். மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடத்தான் சிரிப்பேன் என்று இப்போது விளங்குகிறது.

கேதீஸை ஊரிலிருந்து இங்கே எடுத்துவிட்டதும் அவதான். கல்யாணம் கட்டாமல் நின்று தம்பியை எடுத்துவிட்டா. தம்பி என்னைக் கட்டினார். பிறகு மிது பிறந்தாள்.

போன வருஷம் மாசி மாதம் மிதுவுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அப்போது நாலு வயது. இங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்தான் நிற்கலாம், தெரியும்தானே. கிழமை நாட்களில் நான். சனிக்கிழமைகளில் மலர் மச்சாள் வேலை முடிந்து நேரே வருவா, நான் வீட்டுக்குப் போய் உடுப்புத் தோய்த்துத் தலை முழுகிவிட்டு வருவேன். அவ வந்தால் வார்ட் முழுக்கப் பணிஸ் எண்ணெய் மணக்கும். "மச்சாள், குளிச்சிட்டு வரலாமே, இது ஆஸ்பத்திரியெல்லோ" என்று ஒரு நாள் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை தலையெல்லாம் ஈரமாக வந்து நின்றா. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவ கோயில் திருநீறு கொண்டு வருவா. மிதுவின் நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை நாக்கிலும் தடவிவிடுவா. அதற்கும் நான் ஏசினேன். "உந்தப் படிக்காத வேலையெல்லாம் இஞ்சை செய்யாதேங்கோ." இந்த வசனத்தை ஞாபகம் வைத்திருங்கோ அக்கா. பிள்ளைக்குள் ஒன்றும் போகக் கூடாது என்று சட்டம் கதைத்தவள் நான்.

மிதுவுக்கு மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. முதல் மாதம் முடிய இரத்தத்தில் நோய் இல்லை என்றார்கள். அதோடு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் முன் கட்டிலுக்கு எமிலி என்று ஒரு பிள்ளை திரும்பி வந்தாள். மஞ்சள் தொப்பி போட்ட பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன் எல்லாம் முடித்து, கேக் வெட்டி, நேர்ஸ்மார் கை தட்டி அனுப்பி வைத்தவளாம். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குப் பயம் வேறு மாதிரி வந்தது. சோறு இறங்காது. மிது தும்மினால் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். காலில் ஒரு கண்டல், ஒரு நீலத் தழும்பு கண்டால் நேர்ஸைக் கூப்பிடுவேன்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் கொன்வென்றில் இங்கிலீசுக்குப் பரிசு வாங்கியவள் நான். அதை இந்த இடத்தில் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்லித்தான் பழக்கம். டொக்டர்மார் வாசிக்கிற ஆராய்ச்சிக் கட்டுரைகளையே தேடி வாசித்தேன். சீன வைத்தியத்தில் ஒரு கொடி இருக்கிறது. பெயரைத் தமிழில் சொன்னால் இடித்தெய்வத்தின் கொடி. அதன் வேரிலிருந்து ஒரு சாமானைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்க் கலங்கள் மேலே விட்டால் அவை செத்துப் போகின்றனவாம். நோய் ஏற்றிய எலிகள் கன நாள் உயிரோடு இருந்தனவாம். இது பொய் இல்லை அக்கா. உண்மையாகவே பெரிய பெரிய ஆய்வுகூடங்களில் செய்கிறார்கள். உங்கட அன்ரி சொன்னதும் ஒருவேளை உண்மையாக இருக்கலாம். பேப்பரில் வந்திருக்கலாம். எல்லாம் வருகிறது.

எங்களுக்கு சிஸ்டர் பிலோமினா சுருக்கி எழுதப் படிப்பித்தவ. இருநூற்று நாற்பது சொல்லுத் தந்தால் எண்பதில் எழுத வேண்டும். திருப்பிச் சொன்னது, உதாரணம் சொன்னது எல்லாவற்றையும் விடலாம், கருத்து விடக்கூடாது. என்னைப் போல ஒருவரும் சுருக்க மாட்டார்கள் என்று சிஸ்டரே சொன்னவ. நான் அந்தக் கட்டுரையையும் ஒரு கொப்பியில் அழகாகச் சுருக்கி எழுதினேன். கேதீஸுக்குக் காட்டலாம் என்று, பிறகு காட்டவில்லை. கட்டுரையின் கடைசி வசனம், "ஆனாலும்" என்று தொடங்கியது. ஆனாலும் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையில் உள்ள தூரம் மிகக் குறைவு, ஈரலையும் வேறு உறுப்புகளையும் தாக்கும், அதனால் இப்போதைக்கு நோயாளிக்குக் கொடுக்கத்தக்கதல்ல என்று இருந்தது.

நான் அதை விட்டுவிட்டேன்.

வாசிக்காமல் இல்லை. வாசித்தேன். எண்பது சொல் ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால் விட்டேன். இப்படித்தான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் பிலோமினாவின் மேல் பழி போடலாம் என்றும் பார்த்தேன். ஆனால் சிஸ்டர் ஒரு நாளும் "ஆனாலும்" என்பதை விடச் சொல்லவில்லை.

மலர் மச்சாளின் பேக்கரி இருக்கிற அதே பிளாசாவில் ஒரு சீன மருந்துக்கடை. சீலைக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில். மிஸ்டர் க்வொக் என்று ஒரு வயதானவர் மருந்து போட்டு வைத்த சின்னச் சின்ன இழுப்பு லாச்சிகளுக்கு முன்னால் நிற்பார். கட்டுரையை அச்சடித்து, மஞ்சள் பேனையால் கோடு போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். சாமானின் பெயர் சொன்னேன். அவர் பெருப்பிக்கிற கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். மூட்டு வலி."

"உனக்கு மூட்டு வலி. பேப்பருக்கு இரத்தப் புற்றுநோய்," என்றார். சிரிக்கவில்லை. "சின்ன ஆளோ? ஆஸ்பத்திரி மருந்து ஏறுதோ?"

நான் மஞ்சள் கோட்டைத்தான் திரும்பவும் காட்டினேன்.

"இது பலமான சாமான். பெரிய ஆட்களுக்கே நாடி பார்க்காமல் கொடுக்க மாட்டேன். பிள்ளைக்கு இல்லை. இரண்டு மருந்து உள்ளே போய்ச் சண்டை பிடிக்கும், பிள்ளைதான் அடி வாங்கும். உன் டொக்டரிடம் கேள். டொக்டர் ஓம் என்றால் டொக்டரையும் கூட்டிக்கொண்டு வா."

பிள்ளைக்கு என்று ஒரு பிடி இஞ்சி இனிப்பை அள்ளி என் கையில் வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. இங்கிலீஸே சரியாக வாசிக்கத் தெரியாத ஒரு கடைக்காரன் எனக்குச் சொல்லுகிறானே என்று. அப்படித்தான் நினைத்தேன், அதே சொல்லில். அந்த இனிப்பையும் குப்பையில் போட்டேன்.

இன்டர்நெட்டில் வாங்கினேன். ஒன்பது நாளில் வந்தது. மேலே "தேயிலை" என்று எழுதியிருந்தது.

எப்படி அவித்தேன், எத்தனை கரண்டி என்றெல்லாம் சொல்ல மாட்டேன், யாருக்கும் சொல்ல மாட்டேன். மிதுவுக்கு மோல்ட் பால் விருப்பம். பிளாஸ்கில் மோல்ட் கரைத்து, அதற்குள் விட்டேன். கைப்புத் தெரியாமல் சீனி கூடப் போட்டேன். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளுக்குள் ஒரு சனிக்கிழமையும் வந்தது. நான் பிளாஸ்கை மேசையில் வைத்துவிட்டு, "மச்சாள், பிள்ளை கேட்டால் இதைக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். மலர் மச்சாள் தன் கையால் ஊற்றிக் கொடுத்திருக்கிறா. "குடி என்ர குஞ்சு, அம்மா ஆசையாச் செய்தது." மிது அதை எனக்குச் சொல்லிக் காட்டினாள், மாமியின் குரலிலேயே.

பன்னிரண்டாம் நாள் மிது சத்தி எடுத்தாள். அடுத்த நாள் கண் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. இரத்தம் எடுத்தார்கள். ஈரல் இலக்கங்கள் பத்து மடங்கு. வெள்ளைக் கலங்கள் கீழே. ஏறிக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தினார்கள். அன்று சனிக்கிழமை, மலர் மச்சாள் வந்திருந்தா. நான் வீட்டுக்குப் போகவில்லை, அன்றைக்கு ஒரு ஆள் என்கிற சட்டத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கேதீஸும் ஓடி வந்து கதவடியில் நின்றார். டொக்டர் வொல்ஷ் கதிரையை இழுத்துப் போட்டு எங்களுக்கு முன்னால் இருந்தா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது.

"நாட்டு மருந்து, மூலிகை, சீன மருந்து, எதுவாக இருந்தாலும் சரி, யாராவது கொடுத்தீர்களா? நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் பிள்ளையைப் பார்க்கலாம்."

சொன்னால் பிள்ளைகளைப் பறிக்கிற ஒபிஸில் இருந்து வருவார்கள், மிதுவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம். உங்களுக்கும் இருக்கும். எங்கட ஆட்களுக்கு எல்லாம் இருக்கிற பயம்தான். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. டொக்டர் மலர் மச்சாளைப் பார்த்தா. "இவவையும் கேளுங்கள். தமிழுக்குப் போனில் ஆள் எடுக்கவா?"

"தேவையில்லை," என்றேன். "நான் இருக்கிறேன்."

மச்சாளிடம் தமிழில் கேட்டேன். ஒழுங்காகத்தான் கேட்டேன். "மச்சாள், பிள்ளைக்கு ஏதும் குடுத்தனீங்களோ எண்டு டொக்டர் கேக்கிறா."

மலர் மச்சாளின் முகம் வெளிறிவிட்டது. எழும்பி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்று சொன்னா: "ஓம் டொக்டர். நான்தான் குடுத்தனான். கோயில் திருநீறு. ஒரு சிட்டிகைதான், நாக்கிலை தடவினனான். வேறை ஒண்டும் எனக்குத் தெரியாது. பிழையெண்டால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் இங்கிலீசில் சொன்னேன்: "ஓம், தான்தான் கொடுத்தவவாம். கொஞ்சம்தானாம். வேறு ஒன்றும் தனக்குத் தெரியாதாம். மன்னிக்கட்டாம்."

எண்ணிப் பாருங்கோ அக்கா. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஒரு சொல்லைத்தான் விட்டேன்.

டொக்டர் முன்னுக்குச் சாய்ந்தா. "என்ன அது? பெயர் என்ன?"

"மச்சாள், அதுக்குப் பேர் என்னவாம் எண்டு கேக்கிறா."

"திருநீறுக்கு என்ன பிள்ளை பேர்? திருநீறுதான்."

"தனக்குப் பெயர் தெரியாதாம்," என்றேன்.

கேதீஸுக்கு மச்சாள் சொன்னது கேட்கவில்லை. மெஷின் சத்தம், கதவடியில் நின்றவர். நான் இங்கிலீசில் உரத்துச் சொன்னதுதான் கேட்டது. எனக்கு எப்போதும் இங்கிலீஸ் கொஞ்சம் உரத்துத்தான் வரும். அவர் தமக்கையைக் கையில் பிடித்துக் கொரிடோருக்கு இழுத்துக்கொண்டு போனார். "அக்கா, உனக்கு அறிவிருக்கோ? சீனத்திகளோடை சேந்து கண்டதையும் பிள்ளைக்குப் பருக்கியிருக்கிறாய். கொல்லவோ பாத்தனீ? இனி இஞ்சாலைப் பக்கம் வராதை!" மச்சாளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "என்னடா தம்பி, திருநீறுக்குப் போய்..." என்றா. அவர் கேட்கிற நிலையில் இல்லை. பிறகு அவ கண்ணாடிக் கதவால் என்னைப் பார்த்தா. பிறகு மேசையில் இருந்த பிளாஸ்கைப் பார்த்தா. உள்ளே வந்து பிளாஸ்கை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போனா. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவதான் அதைக் கொண்டுபோய்க் கழுவி அனுப்புகிறவ. நான் அப்படித்தான் நினைத்தேன், கழுவத்தான் கொண்டு போகிறா என்று.

மிதுவின் கோப்பில் எழுதிவிட்டார்கள்: தகப்பனின் சகோதரி, மூலிகை கொடுத்ததை ஒத்துக்கொண்டார், பிள்ளையோடு தனியே விடக்கூடாது. வாசிக்கத் தெரிந்தவள் நான். வாசித்தேன்.

இரண்டு நாள் டொக்டர்மார் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரித் தேடினார்கள். எது ஈரலைத் தின்றது, நெஞ்சையும் பார்க்க வேண்டுமா, சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டுமா என்று. மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஊசி. மிது அழவும் மாட்டாமல் கிடந்தாள். எனக்குப் பெயர் தெரியும். சீனப் பெயரும் தெரியும், இலத்தீன் பெயரும் எழுத்துக்கூட்டித் தெரியும். வாய் வரைக்கும் வரும். பெயரைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து என்ர பிள்ளையை இரண்டு நாள் அப்படிக் கிடக்க விட்டேன். இதைவிட வெட்கமான வசனம் இந்தக் கடிதத்தில் இல்லை, இதைத் தாண்டிவிட்டால் மிச்சம் சுகம் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதத் தொடங்கினேன். தாண்டினாலும் சுகமாக இல்லை.

மூன்றாம் நாள் காலமை, பேக்கரி ஏப்ரனோடு மலர் மச்சாள் வந்து நேர்ஸ்மாரின் மேசையில் நின்றா. உள்ளே வரவில்லை. கையில் ஒரு துண்டு. பிளாஸ்கின் அடியில் கிடந்த மண்டியை ஒரு போத்தலில் வழித்து எடுத்து, வேலை தொடங்க முதல் மிஸ்டர் க்வொக்கின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறா. அவர் மணந்து, வேர்த் துணுக்குகளை விரலில் உருட்டிப் பார்த்து, "இது அந்தப் பேப்பர்ப் பெண் கேட்ட சாமான், நான் கொடுக்கவில்லை" என்று கன்டனீஸில் சொல்லியிருக்கிறார். நான் பகிடி பண்ணின அந்தக் கன்டனீஸில். துண்டில் சீனத்திலும் இலத்தீனிலும் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மச்சாள் அந்தத் துண்டையும் போத்தலையும் மேசையில் வைத்து, நெஞ்சில் கை வைத்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஸ் முழுவதையும் சொன்னா: "ஐ கிவ். மை மிஸ்டேக். திஸ் நேம்."

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவ என்னைக் கண்டா. முகத்தை உயர்த்தி, கையை வாயருகே கொண்டுபோய்க் கேட்டா: பிள்ளை சாப்பிட்டாளோ? நான் இல்லை என்று தலையாட்டினேன். அவ போய்விட்டா.

பெயர் தெரிந்த பிறகு டொக்டர்மாருக்கு வழி தெரிந்தது. மூன்று கிழமை பிந்தி மருந்து திரும்பத் தொடங்கியது. டொக்டர் வொல்ஷ் ஒரு நாள் மிதுவின் கையில் ஏறுகிற மருந்துப் பையைக் காட்டி என்னிடம் சொன்னா: "மூலிகைக்கு நான் எதிரி இல்லை. இந்த மருந்தே ஒரு பூச்செடியில் இருந்துதான் வந்தது." போனில் படம் காட்டினா. பார்த்தால் எங்கட பட்டிப்பூ, நித்தியகல்யாணி! ஆடுகூட வாய் வைக்காமல் வேலியோரம் நிற்கிற பட்டிப்பூ. "மூட்டை மூட்டையாக இலை வேண்டும், ஒரு சிட்டிகை மருந்துக்கு. அந்தச் சீனக் கொடியும் ஒரு நாள் இப்படி ஒரு பையில் வரலாம். ஆனால் செடிக்கும் இந்தப் பைக்கும் நடுவில், எவ்வளவு கொடுத்தால் பிள்ளை பிழைக்கும், எவ்வளவு கொடுத்தால் சாகும் என்று வருஷக்கணக்காக அளந்த ஆட்கள் நிற்கிறார்கள். உங்கள் மைத்துனி அந்த ஆட்களைத் தாண்டிப் பாய்ந்துவிட்டா. அன்பில்தான் செய்திருப்பா. அவவிடம் இதைத் தமிழில் சொல்லுங்கள்."

சொல்லுகிறேன் என்றேன்.

மச்சாளுக்குப் போன் எடுத்தேன்தான். "மச்சாள், ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். மா குழைக்கிற மெஷின் சத்தம் பின்னால் கேட்டது.

"டொக்டருக்குப் பேர் வேணுமெண்டு நீர்தானே கேட்டுச் சொன்னனீர். பேர் குடுத்தன்."

"இல்லை மச்சாள்..."

"இஞ்சை பாரும் வதனி. ஒரு ஆளை வெளியிலை விடத்தான் போறாங்கள். உம்மை விட்டால் பிள்ளை ஆரைத் தேடும்? என்னை விட்டால் பரவாயில்லை." பிறகு, "ஆனால் நீர் அண்டைக்கு என்ன சொன்னனீர் எண்டு எனக்குத் தெரியும். இவ்வளவு காலம் இருக்கிறன், அந்தளவுக்கு விளங்கும்" என்று சொல்லி வைத்துவிட்டா.

நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அவவே பரவாயில்லை என்றுவிட்டா, பிறகு நான் ஏன் கிளற வேண்டும் என்று. ஏழு மாதம் அப்படியே போய்விட்டது. கேதீஸ் தமக்கையோடு கதைப்பதில்லை. தைப்பொங்கலுக்கும் போகவில்லை. மிது சனிக்கிழமை என்றால் கதவைப் பார்ப்பாள். "மாமிக்கு இன்னும் காய்ச்சலோ?" என்று கேட்பாள், நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன். மலர் மச்சாள் இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறா. கீழே, பஸ் நிற்கிற இடத்துக்கு முன்னால் இருக்கிற வாங்கில், அந்த நீட்டு மர இருக்கையில், ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போகிறா. எங்கட ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியும். தலை ஈரமாகத்தான் இருக்கும். நீங்கள் போன கிழமை, "ஆரோ ஒரு எங்கட ஆள் குளிருக்குள்ளை இருக்குது, பாவம்" என்று காட்டினீர்களே. நான் ஓம், பாவம் என்றேன்.

மிதுவின் இரத்தம் இப்போது நன்றாக இருக்கிறதாம். ஆனால் அந்த மூன்று கிழமை? ஒவ்வொரு மாதமும் இரத்தம் எடுக்கிற அன்றைக்கு அந்த நாட்களைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன். நாளைக்கு அது திரும்பி வந்தால் மச்சாளின் திருநீறால் வந்தது என்று கேதீஸ் சொல்லுவார். நான் பக்கத்தில் நிற்பேன்.

அதனால் கேளுங்கோ. பொட்டலத்தை எறிந்துவிடாதேங்கோ. ஒளிக்கவும் வேண்டாம். கொடுத்திருந்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, அதை அப்படியே டொக்டரின் கையில் கொடுங்கோ. அவர்களுக்குப் பெயர் வேண்டும். டொக்டர் வொல்ஷ் உங்களை ஒன்றும் செய்ய மாட்டா. இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கலாம், அவ சொன்னவ, யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை என்று. அந்த வசனத்தையும் நான்தான் விட்டுவிட்டேன்.

இந்தத் தாளின் அடியில் பெரிய எழுத்தில் இங்கிலீசில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். எனக்குப் போனில் தமிழ் ஆள் வேண்டும் என்பதுதான் அது. நம்பாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுத்து வாசிப்பியுங்கோ. நம்பாமல் விடுவதுதான் சரி. நாளைக்கு நேர்ஸ் வரும்போது அந்த வரியைக் காட்டுங்கோ. வதனி வேண்டாம் என்று சொல்லுங்கோ. என்ர முகத்துக்கு முன்னாலேயே சொல்லுங்கோ, நான் கோபிக்க மாட்டேன்.

உங்கட அலுவல் முடிந்ததும் போனை வைக்க விடாதேங்கோ. நான் திரைக்கு இந்தப் பக்கம் நிற்பேன், கேதீஸையும் வரச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அந்த ஆள் வேண்டும். இங்கிலீசில் சொல்லப் போனால் நான் சுருக்கிவிடுவேன், அக்கா. அழகாக, எண்பது சொல்லில் சுருக்கிவிடுவேன். நான் தமிழில் சொல்லுகிறேன், முழுவதையும், கொடியிலிருந்து மச்சாள் இருக்கிற அந்த வாங்கு வரைக்கும். முகம் தெரியாத ஒரு ஆள் அதை இங்கிலீசில் சொல்லட்டும். திருநீறுக்கு அவர் என்ன சொல்லுவாரோ தெரியாது. அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன்.

வதனி